ஊருக்குச் சுற்றுலாத் தலம் கட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலை மூடிவிட்டது, இளைஞர்கள் வெளியூர் போகிறார்கள், கடைத்தெரு களையிழந்துவிட்டது. இப்படிப்பட்ட ஊரில் கூட்டம் போட்டுப் பேசும்போது யாராவது ஒருவர் எழுந்து, "பெரிதாக ஒன்றைக் கட்டுவோம், நாலு ஊர் ஆட்கள் வருவார்கள்" என்பார். கூடியிருப்பவர்கள் முகத்தில் தெளிவு வரும். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். அதையொட்டி எழும் ஐயங்கள் இடத்துக்கு இடம் பெரிதாக மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் சுட்டுவதற்காக எண் கொடுத்திருக்கிறேன்.

1. சுற்றுலா வந்தா ஊர் வளரும்னு எல்லாரும் சொல்றாங்க. அது உண்மையா, பொய்யா?

உண்மை, ஆனால் பாதி உண்மை. வெளியூர்க்காரர் ஒருவர் தம் ஊரில் சம்பாதித்த பணத்தை நம் ஊரில் செலவழிக்கிறார். சரக்கை வெளியே அனுப்பிப் பணம் கொண்டுவருவதற்கும் இதற்கும் கணக்கில் வேறுபாடு இல்லை. இங்கே சரக்கு வெளியே போவதற்குப் பதில் வாங்குபவர் உள்ளே வருகிறார், அவ்வளவுதான். ஆகவே சுற்றுலாவால் ஒரு ஊர் தலைநிமிர முடியும்.

மறுபாதி மூன்று கேள்விகளில் இருக்கிறது. வந்த பணத்தில் எவ்வளவு ஊரிலேயே தங்கியது? அதை வரவழைக்க ஊர் எவ்வளவு செலவழித்தது? அதே தொகையை வேறொன்றில் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? இவற்றைக் கேட்காதவர் வரவுப் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுக் கணக்கை மூடிவிடுகிறார்.

2. 'கட்டுறது'ன்னு எதையெல்லாம் சொல்றீங்க?

கேளிக்கைப் பூங்கா, உயரமான சிலை, ரோப் கார், மீன் காட்சியகம், அருங்காட்சியகம், இசை நீரூற்று என்று பயணிகளை வரவழைப்பதற்கென்றே பொதுப்பணத்தில் புதிதாக எழுப்பும் எல்லாவற்றையும் சொல்கிறேன். ஏற்கெனவே இருக்கும் அருவி, கோட்டை, கடற்கரை ஆகியவற்றுக்குப் பாதையும் கழிப்பறையும் அமைப்பது வேறு வேலை. அதில் இழப்பு வந்தாலும் சிறிதாகவே இருக்கும், ஊராருக்கும் அது பயன்படும்.

3. ஆள் வந்தா பணம் தானா வந்துடாதா?

வரும், வந்த வேகத்தில் வெளியேயும் போகும். பயணி செலவழிப்பதை நூறு பங்காக வைத்துக்கொள்ளுங்கள். அவர் தங்கும் விடுதி வெளியூர் நிறுவனத்துக்குச் சொந்தம் என்றால் லாபம் அங்கே போய்விடும். முன்பதிவுத் தளம் தன் தரகை எடுத்துக்கொள்ளும். சமையலறைக்கு வரும் பொருள், கடையில் விற்கும் பொம்மை, ஊழியர்களில் ஒரு பகுதியினர் என எல்லாம் வெளியிலிருந்து வந்தால் அந்தப் பங்குகளும் போகும். பொருளாதாரம் படித்தவர்கள் இதைக் 'கசிவு' என்பார்கள். மிச்சம் ஊரில் நிற்பதுதான் நம் வருமானம். அந்த மிச்சம் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு, ஒரு கூலியிலிருந்து இன்னொரு வீட்டுக்கு எத்தனை முறை கைமாறுகிறதோ அந்த அளவுக்கு ஊர் செழிக்கும்.

ஆகவே வருகிறவர்களின் தலையை எண்ணுவதால் பெரிய பயனில்லை. காலையில் பேருந்தில் வந்து, இரண்டு மணி நேரம் படம் எடுத்து, கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் ஆயிரம் பேர் விட்டுச்செல்வது பெரும்பாலும் குப்பையும் வண்டி நெரிசலும்தான். உள்ளூர்க்காரர் நடத்தும் விடுதியில் இரண்டு இரவு தங்கும் நூறு பேர் அவர்களைவிட அதிகம் தருவார்கள். திட்டத்தைக் கொண்டுவருபவரிடம் 'எத்தனை பேர் வருவார்கள்' என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். 'எத்தனை பேர் இரவு தங்குவார்கள், யாருடைய கட்டிலில்' என்றும் கேளுங்கள்.

4. எங்க ஊர்ல பார்க்க ஒண்ணுமே இல்லையே. அதனாலதானே புதுசா கட்டச் சொல்றோம்?

ஒன்றுமே இல்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். தினமும் பார்ப்பது கண்ணில் படாது. போலந்தின் வியெலிச்காவில் நூற்றாண்டுகளாக உப்பு வெட்டிய சுரங்கம் இருக்கிறது. தொழிலாளிகள் உப்பிலேயே செதுக்கிய சிற்பங்களும் வழிபாட்டுக் கூடமும் அதற்குள் இருக்கின்றன. யுனெஸ்கோ 1978இல் முதன்முதலாக வெளியிட்ட உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே அதற்கு இடம் கிடைத்தது. தங்கள் வேலை நடந்த இடத்தை அழியாமல் வைத்திருந்ததால் வந்த பெருமை அது.

வேல்ஸ் எல்லையில் ஹே-ஆன்-வை என்ற சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை இரண்டாயிரத்தை எட்டாது. 1960களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் பூத் என்பவர் பழைய தீயணைப்பு நிலையத்தில் பழைய புத்தகக் கடை ஒன்றைத் திறந்தார். பிறகு காலியாகக் கிடந்த கட்டடங்கள் ஒவ்வொன்றாகப் புத்தகக் கடைகளாயின. 1988இல் அங்கே இலக்கிய விழாவும் தொடங்கியது. புதிதாக எதையும் எழுப்பாமல், இருந்த சுவர்களுக்குள் ஒரு தொழிலை நிரப்பியதால் அந்த ஊர் உலகம் அறிந்த 'புத்தக ஊர்' ஆனது. கடைக்காரர்கள் ஊரிலேயே வாழ்ந்ததால் 3இல் சொன்ன கசிவும் குறைவு. எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இது.

5. பில்பாவோவில் ஒரே ஒரு அருங்காட்சியகம் ஊரையே மாத்தலையா?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள பில்பாவோ எஃகும் கப்பலும் கட்டிய நகரம். 1980களில் அந்தத் தொழில்கள் நொடித்தன. 1997 அக்டோபரில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்த குகன்ஹைம் அருங்காட்சியகம் அங்கே திறக்கப்பட்டது. முதல் ஆண்டிலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். இதுவரை எல்லோரும் சொல்வார்கள்.

சொல்லாமல் விடுவது இது. அருங்காட்சியகத்துக்கு முன்பே, சாக்கடையாகிவிட்ட ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணி தொடங்கியிருந்தது. கைவிடப்பட்ட தொழிற்சாலை நிலங்களைச் சீரமைக்க 1992இல் பல நிலை அரசுகளும் சேர்ந்து தனி அமைப்பை உருவாக்கின. 1995இல் மெட்ரோ ஓடத் தொடங்கியது. துறைமுகம் நகர நடுவிலிருந்து கடல்பக்கம் நகர்ந்தது. புதிய விமான நிலைய முனையம் 2000இல் வந்தது. கட்டடம் இந்த நீண்ட வேலையின் ஒரு பகுதிதான். இன்னொன்றையும் கவனியுங்கள். பாஸ்க் பகுதி தன் வரியைத் தானே வசூலிக்கும் உரிமை பெற்றது. அதனால் பயணிகளின் செலவிலிருந்து வந்த வரி, கட்டடத்துக்குப் பணம் போட்டவர்களுக்கே திரும்பியது. வரி முழுவதும் தலைநகருக்குப் போய்விடும் ஊருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் இதே குகன்ஹைமைக் கட்டும் திட்டம் வந்தபோது, பல ஆண்டு விவாதத்துக்குப் பிறகு 2016இல் நகர மன்றம் அதை நிராகரித்தது.

6. அப்படிக் கட்டி நொடிஞ்ச ஊர் எதாவது இருக்கா, இல்ல சும்மா பயமுறுத்துறீங்களா?

இருக்கிறது. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் கார் ஆலைகள் ஆட்குறைப்புச் செய்த காலத்தில், கார்களைப் பற்றிய ஆட்டோவேர்ல்ட் என்ற உள்ளரங்கக் கேளிக்கைப் பூங்கா 1984 ஜூலையில் திறக்கப்பட்டது. சுமார் ஆறே மாதத்தில் மூடப்பட்டு, இடையில் திறந்து பார்த்தும் பயனில்லாமல், 1997இல் இடிக்கப்பட்டது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1.5 கோடி பவுண்டு செலவில் பாப் இசைக்கென ஒரு மையம் 1999 மார்ச்சில் வந்தது. ஆண்டுக்கு 4 லட்சம் பேர் வருவார்கள் என்ற எதிர்பார்ப்பு பொய்த்து அடுத்த ஆண்டே அதுவும் மூடப்பட்டது.

என்னை மிகவும் வருத்துவது ஜப்பானின் யூபாரி. ஹொக்கைடோவிலுள்ள நிலக்கரி நகரம் அது. 1960 வாக்கில் 1.1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. கடைசிச் சுரங்கம் 1990இல் மூடியது. நகர நிர்வாகம் கைகட்டி உட்காரவில்லை. நிலக்கரி அருங்காட்சியகம், கேளிக்கைப் பூங்கா, பனிச்சறுக்கு மையம், விடுதி, திரைப்பட விழா என்று கடன் வாங்கிச் செய்தது. முதலில் ஆட்களும் வந்தார்கள். பிறகு குறைந்தார்கள், கடன் மட்டும் குறையவில்லை. குறுகிய காலக் கடன்களைச் சுழற்றி ஆண்டுக் கணக்கை நேராகக் காட்டிவந்த நிலையில், 2006இல் உண்மை வெளிவந்தது. ஏறத்தாழ 13,000 பேர் மிஞ்சியிருந்த நகரத்தின் தலையில் சுமார் 3,500 கோடி யென் சுமை.

அதற்குப் பிறகு நடந்ததை ஒவ்வொரு திட்டக் கூட்டத்திலும் சத்தமாக வாசிக்க வேண்டும். நகர ஊழியர்கள் பாதியாகக் குறைந்தார்கள். தொடக்கப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஒன்றாயின. மருத்துவமனை சிறு மருத்துவ நிலையமாகச் சுருங்கியது. வரியும் கட்டணங்களும் ஏறின. இருந்தவர்களிலும் பலர் வெளியேறினார்கள். பயணிகளுக்காகக் கட்டியதன் கடனை, அங்கேயே தங்கிவிட்ட முதியவர்கள் பள்ளியையும் மருத்துவமனையையும் கொடுத்து அடைக்க வேண்டியதாயிற்று.

7. அப்போ கட்டவே கூடாதுங்கறீங்களா?

இல்லை. நான் வைக்கும் சோதனை ஒன்றே ஒன்று. வெளியூர்க்காரர் ஒருவர்கூட வராமல் போனாலும், இது கட்டியதற்காக ஊரார் மகிழ்வார்களா? ஆற்றங்கரையில் நடைபாதை, பழைய சந்தைக் கட்டடத்தைப் புதுப்பித்தல், நல்ல நூலகம், நிழல் மரங்கள், சுத்தமான பேருந்து நிலையம் என்றால் 'ஆம்'. இவை பயணிகளையும் இழுக்கும். வராவிட்டாலும் பணம் வீணாகாது. நுழைவுச் சீட்டு விற்றால் மட்டுமே உயிர்பிழைக்கும் கட்டடம் இந்தச் சோதனையில் தோற்கும்.

தோற்றாலும் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தனியார் தம் பணத்தில், தம் பொறுப்பில் கட்டட்டும். ஊர் பாதையும் தண்ணீரும் நியாயமான விலைக்குக் கொடுக்கலாம். இழப்பு வந்தால் ஈடுசெய்வதாக எழுத்தில் உறுதி கொடுக்கக் கூடாது.

8. ஆலோசகர் அறிக்கையில ஆண்டுக்கு இத்தனை லட்சம் பேர் வருவாங்கன்னு போட்டிருக்கு. நிபுணர் சொன்னா நம்பக் கூடாதா?

நிபுணரை மதியுங்கள், எண்ணைச் சோதியுங்கள். லண்டனின் மில்லேனியம் டோம் 2000ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கு 1.2 கோடி பேர் வருவார்கள் என்று திட்டமிட்டார்கள். வந்தவர்கள் சுமார் 65 லட்சம். வளமான நாட்டின் தலைநகரில், அரசின் முழு ஆதரவோடு நடந்ததிலேயே இந்த நிலை. பெருந்திட்டங்களை ஆராயும் பென்ட் ஃபிளூபியாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஒன்பது ரயில் திட்டங்கள் பயணிகள் எண்ணிக்கையை மிகையாகக் கணித்திருந்ததைக் காட்டினார்கள். ரயிலுக்கே அப்படி என்றால், போனாலும் போகாவிட்டாலும் ஒன்றும் குறையாத ஒரு பூங்காவுக்கு எண்ணி வைப்பது இன்னும் கடினம்.

அறிக்கையைக் கையில் எடுத்ததும் கட்டணம் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். அதே ஆலோசகர் 'வேண்டாம்' என்று எழுதிய திட்டம் ஒன்றையாவது காட்டச் சொல்லுங்கள். சொன்ன எண்ணிக்கையில் பாதி மட்டுமே வந்தால் ஆண்டுக் கணக்கு எப்படி இருக்கும் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். ஐந்தாம் ஆண்டைத் தனியாகக் கேளுங்கள். புதுமைக்காக முதல் ஆண்டில் வருபவர்கள் அப்போது இருக்க மாட்டார்கள்.

சின்னதாகச் செய்து பார்க்கவும் வழியுண்டு. இங்கிலாந்தின் கார்ன்வாலில் கைவிடப்பட்ட களிமண் குழியில் எழுந்த ஈடன் திட்டம் 2001இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, கட்டுமானம் நடக்கும்போதே மக்களை அழைத்துக் காட்டினார்கள். பல லட்சம் பேர் வேலை நடப்பதைப் பார்க்கவே வந்தார்கள். அந்த வருகை எந்த அறிக்கையையும்விட வலுவான சான்று.

9. மேல இருந்து மானியம் வருது. நம்ம காசே இல்லையே, வாங்கிக் கட்டுனா என்ன?

மானியம் கட்டுவதற்குத்தான் வரும். விளக்கு, காவல், துப்புரவு, பழுது, சம்பளம் எல்லாம் திறப்பு விழாவுக்கு மறுநாளிலிருந்து ஊரின் செலவு. ஷெஃபீல்டு மையத்துக்கும் (6) பெரும் பகுதிப் பணம் தேசிய லாட்டரி நிதியிலிருந்தே வந்தது. நடத்தும் செலவுக்குப் போதிய ஆட்கள் வராததால் மூடினார்கள். ராட்டினமும் கண்ணாடி மேற்கூரையும் உப்புக்காற்றிலும் மழையிலும் சீக்கிரம் கிழடு தட்டும். கையெழுத்துப் போடுமுன், பத்தாண்டுப் பராமரிப்பை யார் தருவார் என்பது பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

10. எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்! அது போதாதா?

கட்டுமான வேலையையும் நிலையான வேலையையும் பிரித்துக் கேளுங்கள். அறிவிப்பில் இரண்டும் சேர்ந்தே வரும், முதலாவது கட்டி முடித்ததும் போய்விடும். நிலையான வேலைகளிலும் பல பருவத்துக்கு மட்டும் உள்ளவை. சீசனில் நாள் முழுக்க நிற்க வேண்டும், மற்ற மாதங்களில் வீட்டில் இருக்க வேண்டும். ஓராண்டு முழுவதும் கிடைக்கும் முழுநேர வேலைகள் எத்தனை என்று மாற்றிச் சொன்னால் எண் சுருங்கும்.

இருந்தாலும் இந்த வேலைகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். பெரிய படிப்பில்லாதவர்களுக்கும், ஊரைவிட்டுப் போக முடியாத பெண்களுக்கும் சுற்றுலா தரும் வாய்ப்பை வேறு பல தொழில்கள் தருவதில்லை. என் அச்சமெல்லாம் ஊர் முழுவதும் இதையே நம்பி இருப்பதுதான். 2019இல் உலகெங்கும் ஏறத்தாழ 146 கோடியாக இருந்த வெளிநாட்டுப் பயணிகளின் வருகை, பெருந்தொற்று வந்த 2020இல் ஏறத்தாழ 40 கோடிக்கு விழுந்தது. வேறு தொழிலும் வைத்திருந்த ஊர்கள் தாக்குப்பிடித்தன.

11. நிலத்து விலை ஏறுமே. அது ஊருக்கு நல்லதுதானே?

நிலம் வைத்திருப்பவருக்கு நல்லது. வாடகைக்கு இருப்பவருக்கும், நாளை வீடு வாங்க நினைக்கும் இளையவருக்கும் அதே செய்தி கெட்டது. வீட்டை ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிடப் பயணிகளுக்கு நாள் கணக்கில் விட்டால் அதிகம் கிடைக்கும் என்றான பிறகு, வாடகை வீடு கிடைப்பது அரிதாகும். வெனிஸின் பழைய நகரில் 1951இல் சுமார் 1.75 லட்சம் பேர் வசித்தார்கள். 2022இல் அது ஐம்பதாயிரத்துக்கும் கீழே போனது. சுற்றுலா மட்டுமே காரணமில்லை, ஆனால் பெரிய காரணம். விடுதியில் வேலை செய்பவரே ஊரில் குடியிருக்க முடியாமல் தொலைவிலிருந்து வந்துபோனால், 3இல் சொன்ன கசிவில் அவர் சம்பளமும் சேர்ந்துவிடும்.

12. தண்ணி, சாக்கடையெல்லாம் பின்னாடி பார்த்துக்கலாம்ல?

முடியாது. பிலிப்பைன்ஸின் போராகாய் தீவில் கழிவுநீர் கடலில் கலந்ததால், 2018 ஏப்ரலிலிருந்து ஆறு மாதம் தீவையே பயணிகளுக்கு மூடினார்கள். அந்த ஆறு மாதமும் அங்கே பிழைத்தவர்களுக்கு வருமானம் நின்றது. குழாய் முதலில், கூட்டம் பிறகு.

13. பக்கத்து ஊர்க்காரன் கட்டுறான். நாம சும்மா இருந்தா எல்லாரும் அங்கதானே போவாங்க?

கொஞ்சம் சிக்கலான கேள்வி. ஒரு வட்டாரத்துக்குப் பயணிகள் வரும் அளவு ஓரளவு நிலையானது. பக்கத்து ஊரில் ஒன்று, நம் ஊரில் அதே போல இன்னொன்று என்று கட்டினால் இருக்கும் கூட்டத்தை இரண்டாகப் பங்கிடுகிறோம், செலவு மட்டும் இரட்டிப்பு. அவர்கள் கட்டட்டும். அங்கே வருபவர்கள் தங்கவும் சாப்பிடவும் நம் ஊர் ஏற்றதாக இருந்தால், இழப்பின் ஆபத்து அவர்களுக்கு, இரவுத் தங்கல் நமக்கு.

இதோடு இன்னொன்று. உள்ளூர்க் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை புதிய பூங்காவில் செலவழித்தால் அதை 'சுற்றுலா வருமானம்' என்று எழுதக் கூடாது. அந்தப் பணம் போன வாரம் உள்ளூர்த் திரையரங்குக்கோ உணவகத்துக்கோ போயிருக்கும். ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறியதை வரவாகக் காட்டும் அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பார்வையாளர் எண்ணிக்கையிலிருந்து உள்ளூர்க்காரர்களைக் கழித்துவிட்டு மீண்டும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

14. ரொம்பக் கூட்டம் வந்தா அப்போ வரி போட்டுக் கட்டுப்படுத்திக்கலாமே?

போடலாம், போடுகிறார்கள். வெனிஸ் 2024 ஏப்ரல் 25 முதல் குறிப்பிட்ட நாட்களில், தங்காமல் ஒரு நாள் வந்துபோகும் பயணிகளிடம் 5 யூரோ வசூலிக்கத் தொடங்கியது. குரோவேஷியாவின் துப்ரோவ்னிக் ஒரு நாளைக்கு வரும் பயணக் கப்பல்களை இரண்டாகக் குறைத்தது. சுமார் எழுநூற்றைம்பது பேர் வாழும் ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட், சுற்றுலாப் பேருந்துகளுக்கு நேரம் ஒதுக்கி அனுமதிக்கிறது.

இவை மூன்றும் நெரிசல் முற்றிய பிறகு வந்தவை. அதற்குள் கூட்டத்தை நம்பிக் கடை போட்டவர்கள், விடுதி கட்டியவர்கள், வண்டி வாங்கியவர்கள் பெருகிவிடுவார்கள். கட்டுப்பாடு என்றாலே எதிர்ப்பார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கும். புவியியலாளர் ரிச்சர்ட் பட்லர் 1980இல் வரைந்துகாட்டிய பாதை இதுதான்: ஒரு தலம் கண்டறியப்பட்டு, வளர்ந்து, தேங்கி, பிறகு சரியும் அல்லது புத்துயிர் பெறும். தங்கல் வரியையும் ஒரு நாளைய உச்சவரம்பையும் முதல் பயணி வருமுன்னே விதியாக்குங்கள். அப்போது அதை எதிர்க்க ஆளிருக்காது.

15. ஏற்கெனவே பாதி கட்டியாச்சு. இப்போ நிறுத்துனா போட்ட பணம் போச்சே?

இதைக் கேட்பவர்களின் மனவலி எனக்குப் புரிகிறது. ஆனால் போட்ட பணம் இரண்டு வழியிலும் போனதுதான். முடித்தாலும் திரும்ப வராது, நிறுத்தினாலும் வராது. இன்றைக்குக் கேட்க வேண்டியது மீதியைப் பற்றி மட்டும்: முடிக்க இன்னும் ஆகும் செலவும், நடத்த ஆண்டுதோறும் ஆகும் செலவும், அதற்கு எதிரே நேர்மையாக மதிப்பிட்ட வரவும். வரவு குறைவென்றால், பாதிக் கட்டடத்தோடு நிற்பது முழுக் கட்டடத்தோடு கடனில் மூழ்குவதைவிட மேல்.

நிறுத்துவது என்றால் இடிப்பது என்று பொருளில்லை. 7இல் சொன்ன சோதனையை அந்தக் கட்டடத்துக்கே வைத்துப் பாருங்கள். ஊராருக்கு அதனால் என்ன பயன் வரலாம்? ஷெஃபீல்டின் இசை மையம் பின்னர் பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் இருப்பிடமானது. மில்லேனியம் டோம் 2007இல் இசை, விளையாட்டு நிகழ்ச்சி அரங்காகத் திறந்து, கண்காட்சியாகத் தோற்ற அதே கூரையின் கீழ் நிறைந்த கூட்டத்தோடு நடக்கிறது. பாதி எழுந்த சுவர்களுக்குள் பயிற்சி நிலையமோ சந்தையோ மருத்துவ நிலையமோ வைக்க முடியுமா என்று பொறியாளரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அடுத்த ஒப்பந்தத் தவணை கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.